குளவி வருமுன் கட்டிய கூண்டு

மாத்தளை மாவட்டத் தோட்டங்களைச் சேர்ந்த நமது மாதர் கமிட்டித் தாய்மார் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீகிரியாவுக்குப் போய் வந்தார்கள். நாமும் கூடப் போனோம். கூடையோடு மலை ஏறிப் பழகிய கால்களுக்கு அந்தப் படிகள் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மூச்சு வாங்கியதெல்லாம் மேசையில் உட்கார்ந்து எழுதும் நமக்குத்தான். சிங்கத்தின் இரண்டு பாதங்கள் இருக்கும் மேடையில் எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா அங்கே நின்ற கம்பி வலைக் கூண்டைக் காட்டி, "இது என்னாங்க, கோழிக்கூடா?" என்று கேட்டார். குளவி கலைந்தால் சுற்றுலாப் பயணிகள் ஓடிப் புகுந்துகொள்வதற்காகக் கட்டியது என்று வழிகாட்டி சொன்னார். சத்தம் போட வேண்டாம், குளவி கலையும் என்று வழியில் பலகை வைத்திருப்பதையும் காட்டினார்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "கல்லப் பாக்க வாறவங்களுக்குக் கூண்டு கட்டி வச்சிருக்காங்க. நான் முப்பது வருசமா கொழுந்து எடுக்கிறேன். ரெண்டு தடவ குளவி கொட்டி ஆஸ்பத்திரியில கெடந்தேன். நமக்கு ஒரு கூண்டு இருக்கா?"

இந்த மாதத் தலையங்கம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. (அது குளவியா, மலைத்தேனீயா என்று படித்தவர்கள் தர்க்கம் செய்யட்டும். கொட்டு வாங்கியவர்களுக்கு எல்லாம் குளவிதான்.) குளவி இன்றைக்கு வருமா, நாளைக்கு வருமா என்று யாருக்கும் தெரியாது. அது வராமலே பல மாதம் போகலாம். ஆனாலும் அது வராத ஒரு நாளில், யாரோ ஒருவர் யோசித்து, கம்பி வாங்கி, ஆள் வைத்து அந்தக் கூண்டைக் கட்டியிருக்கிறார். ஆபத்துக்குத் தயாராவது என்பது அவ்வளவுதான். ஆபத்து இல்லாத நாளில் செய்கிற வேலை அது.

சீகிரியாவில் இன்னொன்றும் பார்த்தோம். அடிவாரத்துப் பாறைக் குகைகளின் நெற்றியில், வாசலுக்கு மேலே, நீளமாக ஒரு வெட்டு ஓடுகிறது. பாறையில் வழிந்து வரும் மழைத் தண்ணீர் குகைக்குள்ளே போகாமல், அந்த விளிம்பில் தட்டி வெளியே சொட்டும்படி வெட்டியது. காசியப்பன் 5ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை கட்டுவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, குகைகளில் பிக்குகள் தங்கிய காலத்தில் செதுக்கிய விளிம்புகள் அவை. ஒரு மனிதன் படுக்கிற இடத்துக்கு மேலே மழைத் தண்ணீர் எப்படிப் போக வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள். நமது லயன்களில் எத்தனைக்குப் பின்னால் ஒழுங்கான ஒரு கான் இருக்கிறது? பின்பக்க மண்மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அடுப்படிக்குள் புகுந்து இஸ்தோப்பு வழியாக வெளியே போகிற தொங்கல் காம்பராக்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் இந்த நாட்டைக் கடந்தபோது 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலை மாவட்டங்களில்தான் அழிவு அதிகம். வீட்டோடு மண்ணுக்குள் போன குடும்பங்கள் உண்டு. பாதை உடைந்து, கரண்ட் போய், போன் வேலை செய்யாமல், பக்கத்து டிவிசனில் இருக்கும் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று நாள் கணக்கில் தெரியாமல் இருந்த தாய்மார் நமது அங்கத்தவர்களிலேயே இருக்கிறார்கள். இன்னொரு ஐப்பசி வரத்தான் போகிறது. அப்போது என்ன செய்வோம்?

கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தோழர் மறுப்புச் சொன்னார். "வீட்டைத் தயார்படுத்து, பையைக் கட்டு என்று தொழிலாளிக்குச் சொல்வது, தோட்ட முகாமையும் அரசாங்கமும் செய்ய வேண்டியதை நமது தலையில் கட்டுகிற வேலை" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. லயன் கம்பனியுடையது. காணி கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. சுவரில் ஒரு ஜன்னல் வைக்கவும் துரைக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலையில் இருக்கிறவனிடம் உன் வீட்டை நீயே பாதுகாத்துக்கொள் என்று சொல்வது கேலி. ஆனால் மண் சரிகிற இரவில் துரையும் அமைச்சரும் பக்கத்தில் இருக்கப் போவதில்லை. பிள்ளைகளும் கிழவியும் நாமும்தான் இருப்போம். ஆகவே இரண்டையும் பேசுவோம். நமது கையில் இருப்பதை முதலில் பேசுவோம். அதைச் செய்துவிட்டுக் கேட்டால் நமது கேள்விக்கு வலுவும் கூடும்.

முதலில் பை. அதாவது மூட்டை.

மூட்டை கட்டி வாசலில் வையுங்கள் என்று சொன்னால் நமது வயதானவர்களுக்குக் கோபம் வருகிறது. "எங்க போகச் சொல்ற?" என்று கேட்கிறார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்த நமது முன்னோர் தலையில் ஒரு மூட்டையோடுதான் நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் அந்தப் பாதையோரத்தில் விழுந்தவர்களின் மூட்டையை யார் எடுத்தார்களோ தெரியாது. அந்தப் பாதை சீகிரியாவிலிருந்து அதிக தூரமில்லை. 2023இல், 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனியும் தம்புள்ளை வழியாகத்தான் வந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு எத்தனையோ லயன்களில் மூட்டை கட்டினார்கள். கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். கலவரக் காலங்களில் மூட்டை கட்டவும் நேரமில்லை. ஆகவே நமது வீடுகளில் மூட்டை என்றால் துரத்தப்படுவது என்று பொருள்.

இந்த மூட்டை அப்படிப்பட்டதல்ல. இது திரும்பி வருவதற்கான மூட்டை. அதற்குள் முதலில் போக வேண்டியது சாப்பாடு அல்ல, கடதாசி. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி. எத்தனையோ குடும்பங்கள் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகப் பிரதேச செயலகத்துக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் நடந்து நடந்து ஓய்ந்திருக்கின்றன. 2003இல் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வருவதற்கு நாம் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தோம். கடதாசியின் பெறுமதியை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடதாசிகள் இன்று எங்கே இருக்கின்றன? ஒன்று சாமிப் படத்துக்குப் பின்னால். ஒன்று ட்ரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணச் சேலைக்குக் கீழே. இன்னொன்று மூத்த மகனிடம், அவன் கொழும்பில். மழை கொட்டும் இரவில், கரண்ட் இல்லாத நேரத்தில், இவற்றைத் தேடிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?

இன்று இரவே எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து, பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் வையுங்கள். போன் வைத்திருக்கும் பிள்ளையிடம் சொல்லி ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தூரத்தில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அசல் போனாலும் இலக்கம் கையில் இருந்தால் பிரதி எடுப்பது சுலபம். இன்னொன்றையும் மறக்க வேண்டாம், சொல்ல வெட்கப்படவும் வேண்டாம்: அடகுச் சீட்டு. தாலிக்கொடி வங்கியில் இருக்கிறது, சீட்டு ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றால், பெட்டி போகும்போது நகையை மீட்பதும் பெரிய அலைச்சலாகிவிடும்.

கடதாசிக்குப் பிறகு மருந்து. பிரஷர், சீனி வருத்தக் குளிசைகள் ஒரு வாரத்துக்காவது பையில் இருக்கட்டும். பழையது காலாவதியாகாமல் கிளினிக்குப் போய்வரும்போதெல்லாம் மாற்றி வையுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதன் உணவு, துணி. பெண் பிள்ளைகளுக்கு வேண்டியவற்றை ஆண்கள் மறந்துவிடுவார்கள், தாய்மார் மறக்க வேண்டாம். ஒரு டோர்ச், அதற்குப் புது பற்றரி. பிஸ்கட், ஒரு போத்தல் தண்ணீர், கொஞ்சம் சில்லறைக் காசு. கம்பளித் துணி ஒன்று. இவ்வளவு போதும். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கப் போய் உயிரை விட வேண்டாம். மாட்டை மட்டும் அவிழ்த்து விடுங்கள், கட்டிப் போட்ட மாடு தப்பாது.

பையைக் கட்டுவது ஒரு மணி நேர வேலை. எழுந்து போகாதவர்களைப் பற்றி யோசிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு லயனிலும் படுக்கையில் ஒருவராவது இருக்கிறார். பக்கவாதம் வந்த தாத்தா, நிறைமாதக் கர்ப்பிணி, நடக்க முடியாத பிள்ளை. இவர்களை யார் தூக்குவது? இதை அந்த நேரத்தில் தீர்மானிக்க முடியாது. இப்போதே ஒவ்வொருவருக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். ஒரே வீட்டுக்குள் அல்ல, பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவர் இருக்கட்டும். மகன் கொழும்பில் வேலை என்றால் அவன் பெயரை எழுதிப் பயனில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கினால் எவ்வளவு கனமானவரையும் ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோகலாம். ஒரு முறை வெயில் நாளில் தூக்கிப் பாருங்கள். தாத்தா திட்டுவார், திட்டட்டும்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். எப்போது கிளம்புவது?

மழை பெய்துகொண்டே இருக்கிறது. அறிவித்தல் சிங்களத்தில் வருகிறது. தமிழில் பிந்தி வருகிறது, சில வேளை வருவதே இல்லை. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987இலிருந்து அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. எச்சரிக்கை மட்டும் அதை அறிவதில்லை. இதற்காக நமது சங்கம் தொடர்ந்து குரல் கொடுக்கும். ஆனால் அதுவரை நமது மழையை நாமே அளந்துகொள்ளலாம். அதற்குப் படிப்பு வேண்டாம். அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு டின்னை எடுங்கள், குழந்தைப் பால்மா டின் நல்லது. மரமும் கூரையும் மறைக்காத இடத்தில், சாயாதபடி கல் அடுக்கி வையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் பிள்ளையின் பாடசாலை அடிமட்டத்தை உள்ளே நிறுத்தித் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர் மழை. அளந்ததும் ஊற்றிவிடுங்கள். கனமழை நாளில் டின் நிறையுமுன் இடையில் ஒரு முறை அளந்து ஊற்றிவிட்டு, இரண்டையும் கூட்டுங்கள்.

அந்த இலக்கத்தை வைத்து என்ன செய்வது? மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு இருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: பையைக் கையில் எடுத்துத் தயாராக இருங்கள். 150ஐத் தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 75 கொட்டினாலோ சிவப்பு: வெளியேறுங்கள். ஏழரை, பத்து, பதினைந்து. அடிமட்டத்தில் இந்த மூன்று இடங்களிலும் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்தால் படிக்கத் தெரியாத பாட்டியும் பார்த்துச் சொல்வார்.

அளவு குறைவாக இருந்தாலும் மலை தானாகச் சொல்லும் சில அறிகுறிகள் உண்டு. நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, நேற்றுவரை மூடிய கதவு இன்று மூட மறுப்பது, மரமோ மின்கம்பமோ சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்றுபோவது, தெளிந்த ஓடை கலங்கி ஓடுவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. நோயாளர் வண்டிக்கு 1990. இரண்டையும் கதவுக்குப் பின்னால் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள்.

நள்ளிரவில் லயன் முழுவதையும் எழுப்புவது எப்படி? கோயில் ஒலிபெருக்கி கரண்ட் இருந்தால்தான் பேசும். கோயில் மணி அடிக்கலாம், தப்பு அடிக்கலாம். அந்தக் காலத்தில் பிரட்டுக்கு எழுப்ப விடியலில் அடித்த தப்பு, இன்று உயிரைக் காப்பாற்ற அடிக்கட்டும். எந்த அடி என்றால் கிளம்ப வேண்டும் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சாவு அடியோடு குழம்பக் கூடாது.

இப்போது தோட்ட முகாமையின் பக்கம் திரும்புவோம்.

பால்மா டின்னில் மழை அளக்கச் சொன்னோம். உண்மையில் நாம் அளக்க வேண்டிய அவசியமே இல்லை. தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. தினமும் காலையில் ஒருவர் போய் அளந்து புத்தகத்தில் எழுதுகிறார். பல தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்தப் புத்தகம் இருக்கிறது. கொழுந்து எவ்வளவு வரும், பசளை எப்போது போடலாம் என்று கணக்குப் பார்ப்பதற்காக எழுதுகிற புத்தகம் அது. நமது தலைக்கு மேலே இருக்கிற மலையில் நேற்று எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்ற கணக்கு ஒவ்வொரு நாளும் காரியாலய மேசையில் இருக்கிறது. லயனில் இருப்பவருக்கு மட்டும் தெரியாது. பிரட்டுக்களத்தில் ஒரு கரும்பலகை, ஒரு சோக்குத் துண்டு. அன்றைய மழையளவைத் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? கம்பனி நட்டத்தில் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாத கோரிக்கை இது. எல்லாத் தோட்டத் தலைவர்களும் இந்த மாதமே எழுத்தில் இதைக் கேட்க வேண்டும்.

அடுத்தது, எங்கே போவது என்ற கேள்வி. இதைப் பேசும்போது மீரியபெத்தையை நினைக்காமல் இருக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், வேலைக்குப் போனவர்கள் போய், பாடசாலைக்குப் போன பிள்ளைகள் போய், மற்றவர்கள் வீட்டில் இருந்த நேரத்தில் மலை இறங்கி லயன்களை மூடியது. பாடசாலையால் திரும்பிய பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம்மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. பிறகு அதே மக்களைப் பார்த்து, "எச்சரிக்கை கொடுத்தோம், அவர்கள் போகவில்லை" என்றும் பேசினார்கள். எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணி இருந்ததா? வேறு லயன் கொடுத்தார்களா? உயிர் தப்பியவர்களில் பலர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு ஆண்டளவு கிடந்த பிறகுதான் வீடு கிடைத்தது. போக இடம் காட்டாத எச்சரிக்கை, கொடுத்தவரைக் காப்பாற்றும், கேட்டவரைக் காப்பாற்றாது.

ஆகவே ஒவ்வொரு டிவிசனுக்கும் மழை இரவில் போய்த் தங்கும் இடம் எது என்று இப்போதே முடிவாக வேண்டும். பாடசாலையா, கோயிலா, பிள்ளை மடுவமா, தொழிற்சாலையா? எதுவானாலும் அந்தக் கட்டடமே சரிவுப் பாதையில் இல்லை என்று அதிகாரிகள் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். லயனைவிட ஆபத்தான மேட்டுக்குக் கீழே நிற்கும் பாடசாலைகளும் இருக்கின்றன. திறப்பு யாரிடம் இருக்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திறப்பைத் தேடி பங்களாவுக்கு ஓட முடியாது.

போவதற்கு இடம் இருந்தும் மக்கள் போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை வெளியார் யாரும் பேசுவதில்லை. ராத்திரி பாடசாலையில் படுத்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போக முடியாவிட்டால் செக்ரோலில் அன்று பேர் இல்லை. ஒரு நாள் பேர் போனால் அந்த மாதக் கணக்கே ஆட்டம் காணும் வீடுகள் நம்முடையவை. ஆகவே மழை கொட்டும்போதும் தாய் யோசிக்கிறாள்: போன தடவையும் போனோம், ஒன்றும் நடக்கவில்லை, பேர்தான் போனது. இப்படி யோசிப்பவளை அறிவில்லாதவள் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவள் கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கணக்கை மாற்ற வேண்டும். சிவப்பு எச்சரிக்கை வந்து வெளியேறிய நாட்களுக்குப் பேர் போட வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு சேர்த்து நமது சங்கம் முன்வைக்கும்.

கான்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முன்பெல்லாம் கான் வெட்டுவதும் துப்புரவாக்குவதும் தோட்டத்தில் ஆண்டு தவறாத வேலை. இன்று ஆள் இல்லை என்கிறார்கள். மண் நிரம்பி, புல் முளைத்து, தேயிலைக்கு நடுவே கான் இருந்த இடமே தெரியாமல் போன மலைகளைப் பார்க்கிறோம். போக வேண்டிய வழியில் போகாத தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. ஊறின மண்தான் சரிகிறது. இது முகாமையின் பொறுப்பு. ஆனால் நம்மிலும் பிழை இருக்கிறது. அடுப்படியை நீட்டவும், மாட்டுக் கொட்டில் போடவும் லயனுக்குப் பின்னால் மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறோம். இடம் போதாததால்தான் வெட்டுகிறோம், பத்தடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்தால் வேறு வழி என்ன? என்றாலும் வெட்டின மேடு வெட்டினவன் வீட்டின் மேல்தான் முதலில் விழும். லயன் கானில் பொலித்தீனும் சோற்றுக் கழிவும் அடைத்துக் கிடப்பதற்குத் துரையைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசிக்கு முன் ஒரு சிரமதானம் போதும்.

சீகிரியாவில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மலையில் கூண்டு கட்ட முடியுமா? ஒவ்வொரு மலைக்கும் ஒன்று என்றால் துரைமார் சிரிப்பார்கள். சீகிரியாவிலும் முதலில் யாராவது சிரித்திருக்கக்கூடும். ஆனால் கொழுந்து நிறுக்கும் மடுவங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வலையும் கதவும் போட்டால் அதுவே கூண்டு. கவ்வாத்துக்கும் மருந்தடிப்புக்கும் முன்னால் கூடு இருக்கிறதா என்று ஆள் விட்டுப் பார்த்து, இருக்கும் மலைக்கு அன்று ஆட்களை அனுப்பாமல் விடலாம். இதற்குக் கம்பியும் வேண்டாம்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது: கூட்டைக் கண்டால் சத்தமில்லாமல் விலகுங்கள், கங்காணியிடம் சொல்லுங்கள். கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு, படங்கையோ சேலைத் தலைப்பையோ முகத்தில் மூடிக்கொண்டு ஓடுங்கள். அடித்து விரட்டப் பார்த்தால் இன்னும் அதிகமாக வரும். கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். தோலில் கொடுக்கு நின்றால் நகத்தால் வழித்து உடனே எடுங்கள், அது உள்ளே நிற்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும். முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றினால், பத்துக் கொட்டா நூறு கொட்டா என்று எண்ண வேண்டாம். ஒரு கொட்டிலும் உயிர் போகலாம். சுண்ணாம்பு பூசிவிட்டு வீட்டில் படுக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருக்கிறது என்ற பதிலை நாம் இதற்கு மேலும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கொழுந்து ஒரு மணித்தியாலம் காத்திருக்கும்.

பிரட்டுக்களப் பலகைக்கும், தங்குமிடத் திறப்புக்கும், மடுவத்து வலைக்கும் தோட்டத் தலைவர்கள் கொடுக்க வேண்டிய கடிதங்களின் மாதிரி மாவட்டக் காரியாலயத்தில் தயாராக இருக்கிறது. கடிதத்தின் பிரதியில் காரியாலய முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தாய்மார் ஆளுக்கொரு பால்மா டின் கொண்டு வாருங்கள். அடிமட்டங்களை நாம் வாங்கி வைக்கிறோம். நகப்பூச்சு கொண்டு வருவதாகச் சீகிரியாவில் கேள்வி கேட்ட அந்த அம்மாவின் பேத்தி சொல்லியிருக்கிறாள், சிவப்பு நிறம்.